ஏலக்காய் ஸ்டோரின் புகைக்குழாயும் குளிர்கால அறைக்காற்றும்

ஏலத்தோட்டம் வைத்திருக்கும் விவசாயிகள் நிழல்மரம், எரு, மருந்து தெளிப்பு ஆகியவற்றில் காட்டும் சிரத்தையை, பறித்த காயை உலர்த்தும் ஸ்டோரின் விஷயத்திலும் காட்டுதல் அவசியம். ஸ்டோரிலும் தட்டு, அடுப்பு, விறகு ஆகியவை கண்ணுக்குத் தெரிவதால் கவனிக்கப்படுகின்றன. புகைக்குழாயும் காற்றுப்போக்கியும் கண்ணுக்கு மறைவாக இருப்பதால் மறக்கப்படுகின்றன. இவ்விரண்டும் அடைபட்டால் காயின் நிறமும் மணமும் கெடும். அதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. குளிருக்கு ஒதுங்கி ஸ்டோரில் இரவு படுத்துறங்கும் ஆட்களின் உயிருக்கே அபாயம் நேரும். ஆகவே இதன் காரணத்தையும் பரிகாரத்தையும் இங்கே கிரமமாக விவரிக்கிறேன்.

உலர்த்தும் ஸ்டோரின் அமைப்பு

ஏலமலையிலும், மேகமலை, கீழ்ப்பழனிமலைப் பகுதிகளிலும் உள்ள பழைய ஸ்டோர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அடுப்பின் வாய் சுவருக்கு வெளியே இருக்கும். அடுப்பிலிருந்து கிளம்பும் சூடான புகை தகரக் குழாய் வழியாக அறையின் தரையை ஒட்டிச் சுற்றிவந்து, எதிர்ப்புறத்துப் புகைபோக்கி வழியே வெளியேறும். குழாயின் மேல் அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகளை வைத்துப் பச்சைக்காயைப் பரப்புவர். குழாயின் சூடு மட்டுமே அறைக்குள் வரவேண்டும். புகை ஒரு துளியும் வரலாகாது. காயிலிருந்து எழும் நீராவி மேலேயுள்ள காற்றுப்போக்கிகளின் வழியாகவோ, மின்விசிறி மூலமாகவோ வெளியே போகவேண்டும்.

ஆக, ஸ்டோரிலிருந்து வெளியேற வேண்டிய பொருள்கள் இரண்டு: ஒன்று அடுப்பின் புகை, மற்றொன்று காயின் நீராவி. இரண்டுக்கும் வெவ்வேறு வழிகள் உண்டு. எந்த வழி அடைபட்டாலும் அறைக்காற்று கெட்டுப்போகும்.

அண்மைக் காலத்தில் எரிவாயு, டீசல், மின்சாரம் ஆகியவற்றால் இயங்கும் உலர்த்திகளும் வந்துள்ளன. மின்சார உலர்த்தியில் புகை இல்லையெனினும் நீராவி உண்டு. எரிவாயுவும் டீசலும் எரியுமிடத்தில் இரண்டும் உண்டு. எனவே இங்கே கூறுபவை பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும்.

நீராவியின் கணக்கு

பறித்த பச்சைக்காயில் நூற்றுக்குச் சுமார் 80 பங்கு நீரே. உலர்ந்த காயில் சுமார் 10 பங்கு நீர் இருக்கவேண்டும். 500 கிலோ பச்சைக்காயை ஸ்டோரில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். அதில் 400 கிலோ நீர், 100 கிலோ திடப்பொருள். உலர்ந்தபின் எடை சுமார் 111 கிலோ ஆகும். எஞ்சிய 389 கிலோ, அதாவது ஏறக்குறைய 389 லிட்டர் தண்ணீர், ஒரு நாள் பொழுதிற்குள் ஆவியாக மாறி அந்த அறையின் காற்றில் கலக்கிறது. இருபத்தைந்து குடம் தண்ணீரை ஓர் அறைக்குள் கொதிக்க வைத்ததற்கு இது சமானமாகும்.

இத்தனை நீராவியையும் சுமந்து செல்லக் காற்று எவ்வளவு வேண்டும்? 15 டிகிரி சென்டிகிரேட் குளிர்ச்சியுள்ள ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 13 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதே அளவுக் காற்று 45 டிகிரிக்குச் சூடானால் சுமார் 65 கிராம் தாங்கவல்லது. எனவே பனிமூட்டமுள்ள நாளிலும், வெளிக்காற்றை உள்ளே விட்டுச் சூடேற்றினால் அது வறண்ட காற்றாகி, காயின் ஈரத்தை நன்கு வாங்கிக்கொள்ளும். ‘வெளியே பனியும் தூறலுமாக இருக்கிறது, காற்றுப்போக்கியைத் திறந்தால் ஈரம் உள்ளே வந்துவிடும்’ என்று சிலர் கருதுவது சரியன்று.

ஒவ்வொரு கன மீட்டரும் 25 கிராம் நீராவியை வெளியே கொண்டுபோவதாகக் கொண்டால், 389 கிலோவுக்குச் சுமார் 15,500 கன மீட்டர் காற்று வேண்டும். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையின் கொள்ளளவு 60 கன மீட்டர். 24 மணி நேரத்தில் வேலை முடியவேண்டுமானால் மணிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அறைக்காற்று முழுவதும் மாறவேண்டும். அதிலும் ஈரம் மிகுதியாக எழும் முதற் சில மணி நேரங்களில் இன்னும் அதிகமாக மாறவேண்டும். காற்றுப்போக்கியின் கம்பிவலையில் தூசியும் காய்ச்சருகும் பாதி அடைத்துக்கொண்டால் இக்கணக்கு எங்ஙனம் நிறைவேறும்?

நிறைவேறாதபோது நடப்பது இது. சூடும் ஈரமும் ஒருங்கே தங்கினால் காயிலுள்ள பச்சையம் சிதைந்து, காய் வெளிறும் அல்லது பழுப்பேறும். உலர நேரம் நீடிப்பதால் விறகுச் செலவு ஏறும். சூடான ஈரக்காற்று குளிர்ந்த சுவரிலும் கூரைத் தகட்டிலும் பட்டு நீர்த்துளிகளாகி மீண்டும் தட்டின்மேல் சொட்டும். சுவரில் பூஞ்சணம் பற்றும். அப்பூஞ்சணத்தின் நுண்தூள் கலந்த காற்றைச் சுவாசிக்கும் ஆட்களுக்கு இருமலும் மூச்சிரைப்பும் உண்டாகும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு உபத்திரவம் அதிகரிக்கும்.

புகைக்குழாய் அடைபடும் விதம்

வெட்டிய உடனே உள்ள பச்சை விறகில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீராக இருக்கும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 600 கிலோகலோரி சூடு செலவாகிறது. அந்தச் சூடு காயை உலர்த்தப் பயன்படாமற் போவதோடு, அடுப்பின் உஷ்ணமும் தாழ்ந்துவிடுகிறது. தாழ்ந்த உஷ்ணத்தில் விறகு முழுதும் எரிவதில்லை. எரியாத பகுதி கரியும் கீலும் கலந்த புகையாகச் செல்லும். குளிர்காலத்தில் புகைபோக்கியின் மேற்பகுதி மிகவும் குளிர்ந்திருப்பதால், அப்புகை அங்கே பட்டுக் கருநிறப் பிசினாகப் படிகிறது. அதன்மேல் புகைக்கரி ஒட்டுகிறது. இவ்வாறு பருவம் முடிவதற்குள் குழாயின் உள்வட்டம் சுருங்கிவிடுகிறது.

குழாய் சுருங்கினால் இழுப்புக் குறையும். இழுப்புக் குறைந்தால் தீ மந்தமாகும். தீ மந்தமானால் கீல் இன்னும் அதிகமாகப் படியும். நோய் நோயை வளர்ப்பது போன்றதே இது. மேலும், கரிப்படலம் சூட்டை எளிதில் கடத்தாது. எனவே அதே சூட்டுக்கு அதிக விறகு வேண்டும். படிந்த கீல் தானே தீப்பற்றக்கூடிய பொருள். வறண்ட விறகைத் திடீரென அதிகமாகப் போட்டு எரிக்கும் நாளில் குழாய்க்குள்ளேயே தீப்பிடித்து, பழுத்த தகரம் தட்டுகளுக்கும் கூரைக்கும் தீயைக் கொடுத்துவிடலாம். குழாயின் மேற்புறத்தில் உதிர்ந்து கிடக்கும் காம்பும் சருகும் இத்தீக்கு இரையாகும்.

குளிர்நாடுகளில் வீட்டுக்குள் துணி உலர்த்தும் இயந்திரம் வைத்திருப்போர் படும் தொல்லையும் இதே இனத்தைச் சேர்ந்தது. அவ்வியந்திரத்தின் ஈரக்காற்று ஒரு குழாய் வழியே வெளியேறுகிறது. துணியின் பஞ்சுத்தூசி அக்குழாயில் அடைந்தால் ஈரம் வீட்டுக்குள் தங்கும்; எரிவாயு இயந்திரமாயின் நச்சுப்புகையும் தங்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையுள்ள ஆண்டுகளை ஆராய்ந்ததில், வீடுகளில் இவ்வியந்திரங்களால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துக்கள் நேர்ந்தன என்றும், சுத்தம் செய்யாமையே காரணங்களில் முதன்மையானது என்றும், ஜனவரி மாதத்தில் விபத்துக்கள் உச்சம் என்றும் கண்டது. பஞ்சுத்தூசி இருக்குமிடத்தில் காய்ச்சருகை வைத்துப் பார்த்தால் நம் ஸ்டோருக்கும் அப்பாடம் பொருந்தும்.

புகையில்லாத நஞ்சு

விறகு போதிய காற்றின்றி எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு உண்டாகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை உறுத்துவதுமில்லை. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்னும் பொருளோடு, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றுதலுடன் இது சேர்ந்துகொள்கிறது. அதனால் சிறிதளவு வாயுவும் நேரம் செல்லச் செல்ல இரத்தத்தில் சேர்ந்து, மூளைக்கும் இருதயத்துக்கும் பிராணவாயு கிடைக்காதபடி செய்துவிடும். உறங்குபவன் விழித்துக்கொள்ள வாய்ப்பின்றியே மயக்கத்தில் ஆழ்ந்துவிடுவான்.

விவசாயிகள் முக்கியமாக மனத்திற் கொள்ளவேண்டிய விஷயம் ஒன்று. புகை தெரியவில்லை என்பதால் அபாயமில்லை என்று முடிவு செய்தல் தவறு. சுவாலை அடங்கித் தணல் கனிந்திருக்கும் சமயத்தில் கண்ணுக்குத் தெரியும் புகை குறைவு. ஆனால் கார்பன் மோனாக்ஸைடு மிகுதி. நடுச்சாமத்துக்குமேல் விறகு போட ஆள் எழவேண்டியிராதபடி, தணலை நிரப்பிப் புகைக்குழாயின் அடைப்புத் தகட்டை முழுதும் மூடி, சூட்டைத் தேக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. குழாயின் இணைப்பில் ஓட்டையிருந்தால், வெளியே செல்ல வழியற்ற வாயு அவ்வோட்டை வழியாக அறைக்குள் புகும். கதவும் காற்றுப்போக்கியும் குளிருக்கு அடைக்கப்பட்டிருக்கும். உள்ளே ஆள் உறங்கிக்கொண்டிருப்பான். தீங்கு விளைய வேறென்ன வேண்டும்?

இன்னும் சிலர் தணலைச் சட்டியில் அள்ளிப் படுக்கும் அறையில் வைத்துக்கொள்வர். வட இந்தியாவில் ‘அங்கீட்டி’ எனப்படும் கணப்புச்சட்டியை மூடிய அறையில் வைத்து உறங்கியோர் இறந்த செய்தி குளிர்காலந்தோறும் வருகின்றது. மலைத்தோட்டங்களில் இவ்வழக்கத்தை முற்றிலும் விலக்கவேண்டும்.

மின்விசிறியால் நேரும் கெடுதி

நீராவியை வெளியேற்ற மின்விசிறி பொருத்துவது நல்லதே. ஆனால் விசிறி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே வர வழி வேண்டும். கீழ்த் துவாரங்களைச் சாக்கால் அடைத்துவிட்டு விசிறியை ஓட்டினால், அறை காற்றுக்காக ஏங்கி, கிடைத்த வழியிலெல்லாம் இழுக்கும். புகைக்குழாயின் ஓட்டை ஒன்று அகப்பட்டால் அதன் வழியே புகையை உள்ளே இழுத்துக்கொள்ளும். எனவே காற்று உட்புகும் துவாரங்களின் மொத்தப் பரப்பு, வெளியேறும் துவாரங்களின் பரப்புக்குக் குறையாமலிருத்தல் வேண்டும். உட்புகும் துவாரம் அடுப்பு வாய்க்கு எதிர்த்திசைச் சுவரில் இருத்தல் உத்தமம்.

பரிசோதிக்கும் எளிய முறைகள்

1. அடுப்பு ஆறியிருக்கும்போது, இரவில் குழாயின் ஒரு முனையில் டார்ச் விளக்கை வைத்து ஒளியை உள்ளே செலுத்தி, அறையின் விளக்குகளை அணைத்துவிட்டுப் பார்க்கவும். ஒளி கசியும் இடமெல்லாம் புகையும் கசியும் இடமே.

2. அடுப்பு எரியும்போது பற்றவைத்த ஊதுவத்தியைக் குழாயின் ஒவ்வோர் இணைப்பருகிலும் பிடிக்கவும். ஊதுவத்தியின் புகை அசையாமல் நேரே மேலெழுந்தால் நன்று. இணைப்பினின்று அப்பால் தள்ளப்பட்டால் அங்கே உள்ளிருந்து காற்று வெளிவருகிறது என்று அறிக. விசிறியை ஓட்டியும் நிறுத்தியும் இருமுறை பார்க்கவேண்டும்.

3. அடுப்பு வாயினின்று புகை முன்பக்கமாகத் திரும்பி வந்தால் புகைபோக்கி அடைபட்டிருக்கிறது, அல்லது அதன் உயரம் போதவில்லை என்று கொள்க. புகைபோக்கியின் நுனி கூரை முகட்டுக்கு மேல் இரண்டடியேனும் உயர்ந்திருக்கவேண்டும்.

4. காற்றுப்போக்கியின் வெளிப்புறத்தில் கையை வைத்துப் பார்க்கவும். உலர்த்தல் தொடங்கிய முதல் மணிகளில் வெம்மையும் ஈரமுமான காற்று கையில் தாராளமாகப் படவேண்டும்.

5. உள்சுவரில் நீர்த்துளி, கூரைத் தகட்டில் சொட்டு, மூலையில் கரும்புள்ளி இவை தோன்றினால் நீராவி வெளியேறும் வழி போதவில்லை என்பதற்கு அவையே சாட்சி.

பராமரிப்பின் கிரமம்

பறிப்புக்கு முன், அதாவது ஆனி, ஆடி மாதங்களில், குழாய்களைக் கழற்றிக் கம்பிப் புருசினால் உட்புறத்தைத் தேய்த்துக் கரியை அகற்றுக. மெலிந்தும் துருவேறியும் உள்ள துண்டுகளை மாற்றுக. மீண்டும் பூட்டும்போது அடுப்பிலிருந்து புகைபோக்கியை நோக்கிச் சிறிது ஏற்றமாக அமையவேண்டும். இணைப்புகளைச் சூடு தாங்கும் பூச்சினால் இடைவெளியின்றி அடைக்கவேண்டும். புகைபோக்கியின் நுனியில் பறவைக்கூடு இருப்பின் நீக்கி, மழைத்தொப்பியைச் சரிபார்க்கவும்.

பறிப்பு மும்முரமாக நடக்கும் புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், ஒவ்வொரு தடவை காயை இறக்கியதும் குழாயின் மேலும் தரையிலும் உதிர்ந்த சருகைப் பெருக்கி எடுக்கவும். காற்றுப்போக்கி வலையையும் விசிறி இதழ்களையும் வாரம் ஒருமுறை துலக்கவும். புகைபோக்கியின் அடியிலுள்ள கரிக்குழியை மாதம் ஒருமுறையேனும் காலி செய்யவும். பச்சை விறகு எரிக்க நேர்ந்த தோட்டங்களில் இதை இருமடங்கு அடிக்கடி செய்யவேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் பறிப்புக் குறைந்து, அடுப்பு விட்டுவிட்டு எரியும். அப்போது குழாய் ஒவ்வொரு தடவையும் குளிர்ந்து கீல் படிவது அதிகம். ஆகவே மார்கழித் தொடக்கத்தில் இடையே ஒரு முழுச் சுத்தம் செய்தல் அவசியமாகும். சிறிதளவு சுள்ளியை முதலில் எரித்துப் புகைபோக்கியைச் சூடேற்றிய பின்பே பெருவிறகு போடவேண்டும்.

விறகை வெட்டிப் பிளந்து, மழைபடாத கொட்டகையில் ஆறு மாதமேனும் காயவைத்தே எரிக்கவேண்டும். இரண்டு துண்டுகளை மோதினால் மந்தமாக ஒலிக்கும் விறகு இன்னும் ஈரமானது. கணீரென ஒலிப்பது உலர்ந்தது.

உலர்த்தும்போது உஷ்ணம் 45 முதல் 50 டிகிரிக்குள் நிற்கவேண்டும். முதற்கட்டத்தில் காற்றுப்போக்கிகளை முழுதும் திறந்துவைத்து, ஈரம் குறையக்குறையச் சிறிது சிறிதாக மூடலாம். அறைக்குள் தர்மாமீட்டர் ஒன்று மாட்டியிருந்தால் ஊகத்துக்கு இடமிராது. அடைப்புத் தகட்டை எக்காலத்தும் முழுதும் மூடலாகாது. முழுதும் மூடாதபடி அதில் ஒரு பகுதியை வெட்டிவிடுவதே சிறந்த காப்பு.

படுக்கும் இடம்

இரவில் தீயைக் கவனிக்கும் ஆளுக்கு ஸ்டோரின் கதகதப்பு இனிமையாயிருக்கும் என்பது உண்மை. 15 டிகிரிக்குக் கீழிறங்கும் மலையிரவில் அவன் அங்கே போய்ப் படுப்பதற்கு அவனைக் குறைகூறிப் பயனில்லை. அவன் படுப்பதற்கு வேறு கதகதப்பான இடம் அமைத்துக் கொடுப்பது உடைமையாளரின் கடமை. ஸ்டோரை ஒட்டி, இடையே துவாரமில்லாத முழுச்சுவருடன், தனிக் கதவும் சன்னலும் உள்ள ஒரு சிறு அறையைக் கட்டினால், சூடேறிய சுவரின் வெம்மை அவ்வறைக்கும் கிட்டும்; புகை கிட்டாது. நல்ல கம்பளிகளும் கொடுக்கவேண்டும். போடிநாயக்கனூர், கம்பம் முதலிய ஊர்களில் வசித்துக்கொண்டு மலையில் தோட்டம் வைத்திருப்போர், ஸ்டோரில் இரவில் யார் எங்கே படுக்கிறார்கள் என்பதை நேரில் ஒருமுறை பார்த்தறிதல் நலம்.

கார்பன் மோனாக்ஸைடை அறிந்து ஒலியெழுப்பும் சிறு கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. பாட்டரியால் இயங்குவதை வாங்கிப் படுக்கையறையில் பொருத்தி, மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதிக்கவும். கருவியின்மேல் குறித்துள்ள ஆயுட்காலம் முடிந்ததும் மாற்றவேண்டும். கருவி இருக்கிறதென்று குழாயைக் கவனியாமல் விடலாகாது.

அறிகுறிகளும் முதலுதவியும்

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கைகால் தளர்ச்சி, புத்தித் தடுமாற்றம் இவை முதற்குறிகள். இவற்றைப் பனிக்காய்ச்சல் என்றோ, அஜீரணம் என்றோ, மது மயக்கம் என்றோ நினைத்துவிடுதல் எளிது. வேறுபடுத்தி அறிய இரண்டு அடையாளங்கள் உண்டு: ஒரே அறையிலுள்ள பலருக்கு ஒரே சமயத்தில் உபாதை காணும், வெளியே வந்தால் சற்றுத் தெளிவு ஏற்படும். கர்ப்பிணிகள், குழந்தைகள், இருதய நோயாளிகள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம்.

அறைக்குள் ஒருவர் மயங்கிக் கிடக்கக் கண்டால், முதலில் கதவு சன்னல்களை அகலத் திறக்கவும். துணையின்றித் தனியே உள்ளே நுழையலாகாது. நோயாளியைத் திறந்த வெளிக்குத் தூக்கிவந்து, சுவாசம் இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்கவும். சுவாசம் நின்றிருந்தால், பழகியவர்கள் மார்பை அழுத்தியும் செயற்கைச் சுவாசம் கொடுத்தும் உதவவேண்டும். உடனே 108 எண்ணுக்குத் தகவல் கொடுக்கவும்.

தெளிந்துவிட்டாலும் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுதல் அவசியம். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்திலுள்ள இந்நஞ்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியே பிராணவாயு கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் அவ்வாறு குறையும். விரலில் மாட்டிப் பிராணவாயுவின் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டர் 2020க்குப் பின் பல வீடுகளில் இருக்கிறது. இந்நஞ்சு விஷயத்தில் அதை நம்புதல் கூடாது. அக்கருவி பிராணவாயு சேர்ந்த இரத்தத்தையும் நஞ்சு சேர்ந்த இரத்தத்தையும் வேறு பிரித்தறியாமல், நல்ல அளவையே காட்டிவிடும்.

கிராம அதிகாரிகளுக்கு

பறிப்புத் தொடங்குமுன் தத்தம் எல்லையிலுள்ள ஸ்டோர்களின் பட்டியல் ஒன்று தயாரித்து, குழாய் சுத்தம் செய்யப்பட்டதா, ஆட்கள் படுக்கத் தனி இடம் உண்டா என்ற இரண்டு கேள்விகளையேனும் கேட்டுக் குறித்துக்கொண்டால் பெரும் நன்மை உண்டாகும். கிராம சபைக் கூட்டத்தில் இவ்விஷயத்தை எடுத்துரைக்கலாம். மலைக்கு வேலைக்கு வருவோரில் பிற மாநிலத்தாரும் உண்டு. அவர்களுக்குத் தெரிந்த மொழியிலும் எச்சரிக்கையை எழுதி, அடுப்பு வாயருகே ஒட்டிவைத்தல் வேண்டும்.

முடிவுரை

குழாயைக் கழற்றித் துலக்க இரண்டு ஆட்களுக்கு ஒரு நாள் வேலை. அதனால் விறகு மிஞ்சும்; காய் பச்சை நிறத்தோடும் புகைநாற்றமின்றியும் ஏலத்துக்குச் செல்லும்; கூரை தீக்கிரையாகாது. இரவு முழுதும் நமது மகசூலுக்காகத் தீயைக் காத்த மனிதன் காலையில் நலமாய் எழுந்து வருவான். இந்த ஆதாயங்களுள் கடைசியானதே முதன்மையானது எனக் கருதி, விவசாயிகள் இவ்வாண்டு பறிப்புக்கு முன்பே தங்கள் ஸ்டோரின் புகைக்குழாயையும் காற்றுப்போக்கியையும் சீர்செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.